கண் அறுவைக்கான கிரையோ புரோப்: எது நன்றாக உறைய வைக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணில் தொட்ட இடத்தைக் குளிரால் உறைய வைக்கும் கருவிதான் கிரையோ மெஷின்; அதில் கண்ணைத் தொடும் கம்பி போன்ற பகுதி புரோப். கண் ஆஸ்பத்திரிக்கு அதை வாங்கப் போனால், கையில் கொடுக்கும் பிரோஷரில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு வெப்பநிலை. ஒரு மெஷின் மைனஸ் 70 என்று சொல்லும், இன்னொன்று மைனஸ் 80, மற்றொன்று மைனஸ் 89. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்ல மெஷின் என்று வாங்குகிறவர்களும் முடிவு கட்டிவிடுவார்கள். சென்னையில் கண் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பதும் சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்: "சார், இதுல எது சார் அதிகமா கூல் ஆகும்?"

கேள்வியே கொஞ்சம் கோணல். நுனி எவ்வளவு குளிராக இருக்கிறது என்பது ஒரு விஷயம். தொட்ட இடத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பது வேறு விஷயம். காற்றில் தூக்கிப் பிடித்தபோது மைனஸ் 85 காட்டும் புரோப், வெதுவெதுப்பான திசுவைத் தொட்டதும் மைனஸ் 50-க்கு ஏறி அங்கேயே நின்றுவிடலாம். நோயாளியின் கண்ணில் வேலை செய்வது அந்த மைனஸ் 50 தான், பிரோஷர் எண் இல்லை.

கண்ணை ஏன் உறைய வைக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விழித்திரையில் கிழிசல் விழுந்தால், வெளியே வெள்விழியின் மேல் புரோப்பை வைத்து அழுத்தி, கிழிசலைச் சுற்றி உறைய வைப்பார்கள். உறைந்து உருகிய இடத்தில் வடு உண்டாகி, விழித்திரை தன் அடியில் உள்ள படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு பலப்பட இரண்டு வாரம் போல ஆகும். லேசரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் உள்ளே ரத்தக் கசிவோ கண்புரையோ மறைத்தால் லேசர் ஒளி போய்ச் சேராது. குளிருக்கு அந்தத் தடை இல்லை. குழந்தைகளின் கண் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவில் ஓரத்தில் இருக்கும் சிறு கட்டிகளுக்கும், வேறு வழிக்குக் கட்டுப்படாத குளுகோமா என்கிற கண் அழுத்த நோய்க்கும், உள்நோக்கி வளர்ந்து கருவிழியை உரசும் இமை முடியின் வேரை அழிக்கவும் கிரையோ உண்டு.

ஒரு காலத்தில் இதன் பெரிய வேலை கண்புரைதான். 1961-இல் போலந்தின் கண் மருத்துவர் கிர்வாவிச், குளிரூட்டிய கம்பியைக் கண் லென்ஸில் தொட்டு, அது ஒட்டிக்கொண்டதும் முழு லென்ஸையும் அப்படியே வெளியே எடுக்கும் முறையைக் காட்டினார். உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கிற வழக்கம் பரவுவதற்கு முன்பு புரை அறுவை செய்துகொண்ட நம் தாத்தா பாட்டிகள் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டது இதனால்தான்: எடுத்த லென்ஸுக்குப் பதிலாக மூக்கின் மேல் ஒரு லென்ஸ். அதே 60-களில் தென்னாப்பிரிக்காவின் கண் மருத்துவர் ஆமாய்ல்ஸ், அழுத்தமான வாயுவை நுனிக்குள் பீய்ச்சிக் குளிர வைக்கும் கைக்கருவியை உருவாக்கினார். இன்று ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் மெஷின் எல்லாம் அந்த வம்சம்.

நுனிக்குள் நடப்பது என்ன

புரோப் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். உள் குழாய் வழியாக அழுத்தத்தில் வாயு வரும். அதன் முனையில் மயிரிழை போன்ற துளை. துளையைத் தாண்டியதும் வாயு சட்டென்று விரிந்து, நுனியின் உட்புறத்தில் மோதி, வெளிக் குழாய் வழியாகத் திரும்பிப் போகும். விரியும்போது அது குளிர்கிறது. 1852-இல் ஜூல், தாம்சன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விளைவு இது. எல்லா வாயுவுக்கும் இது பொருந்தாது. ஹீலியத்தை அறை வெப்பநிலையில் இப்படி விரிய விட்டால் சூடாகும். உடலின் பெரிய கட்டிகளை ஆர்கான் வாயுவால் உறைய வைக்கும் கருவிகளில், உருக்குவதற்கு ஹீலியத்தையே பயன்படுத்துவது இதை நம்பித்தான்.

கண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு வாயுக்கள்: நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு. முதலாவது சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 88.5 டிகிரியில் கொதிக்கும். பிரோஷரில் பார்க்கும் அந்த 89 இங்கிருந்து வருவதுதான். அது வாயுவின் எல்லை, மெஷினின் சாமர்த்தியம் இல்லை. திரும்பிப் போகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தேங்கினாலே கொதிநிலை ஏறிவிடும். ஆகவே வெளியேற்றும் ஹோஸ் நீளமாகவோ மடங்கியோ இருந்தால் நுனி அந்த எல்லையைத் தொடவே தொடாது.

கார்பன் டை ஆக்சைடின் எல்லை மைனஸ் 78.5. பத்து டிகிரிதானே வித்தியாசம் என்று தோன்றும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு சுமார் 5 மடங்கு காற்றழுத்தத்துக்குக் கீழே திரவமாக இருக்கவே முடியாது. விரிந்ததும் நேரே பனித்தூளாகிவிடும். நைட்ரஸ் ஆக்சைடு திரவத் துளியாக நுனியின் உட்சுவரை நனைத்துக் கொதிக்கும். நனைக்கும் திரவம் உலோகத்திலிருந்து வெப்பத்தை எடுப்பது போல, உதிரித் தூள் எடுக்காது. தூள் திரும்பும் குழாயை அடைக்கவும் செய்யும். விலையும் கிடைப்பதும் கருதி கார்பன் டை ஆக்சைடு வைத்திருக்கும் இடங்கள் உண்டு, தவறும் இல்லை. ஆனால் ஒரு மெஷினை ஒரு வாயுவிலும் மற்றதை வேறு வாயுவிலும் ஓட்டிவிட்டு இது மேல், அது கீழ் என்று சொல்வது மெஷின்களை ஒப்பிடுவது ஆகாது.

சிலிண்டரைப் பார்க்காமல் ஒப்பீடு இல்லை

என் அனுபவத்தில் "புரோப் வீக் ஆயிடுச்சு" என்று வரும் புகார்களில் நான் முதலில் போய் நிற்பது சிலிண்டர் பக்கம்தான். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமும் அதன் மேல் ஆவியுமாக இருக்கும். இது வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரிதான்: உள்ளே துளி திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது, தீரப் போகிற நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும். அதனால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் நிமிர்ந்து நிற்கிறது என்பதற்காகச் சிலிண்டர் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேஜ் காட்டுவது வெப்பநிலையை என்றே சொல்லலாம். 20 டிகிரியில் நைட்ரஸ் ஆக்சைடின் அழுத்தம் சுமார் 50 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு மடங்கு காற்றழுத்தம்). 30 டிகிரியில் 63 பார் போல. அடுத்தடுத்து ஃப்ரீஸ் செய்யும்போது உள்ளே திரவம் ஆவியாகி ஆவியாகிச் சிலிண்டரே குளிர்ந்துவிடும். தொட்டாலே தெரியும், வெளிப்புறம் வியர்த்திருக்கும். உள்ளே 0 டிகிரிக்கு இறங்கிவிட்டால் அழுத்தம் 31 பார்தான். காலையில் முதல் நோயாளிக்கு நன்றாக உறைய வைத்த அதே புரோப், மதியம் நான்காவது நோயாளியிடம் சோர்ந்து போவதற்குப் பல சமயம் இதுவே காரணம். புரோப்பின் மேல் பழி போட வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடு 36.4 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக இருக்காது. கார்பன் டை ஆக்சைடுக்கு அந்த வரம்பு 31 டிகிரிதான். சென்னையில் கத்திரி வெயிலில் நாற்பதைத் தாண்டும் நாட்கள் சகஜம். தியேட்டருக்குள் ஏசி ஓடும், சிலிண்டர் மட்டும் வெயில் அடிக்கும் வராந்தாவில் நிற்கும். அப்போது அழுத்தம் எகிறி நிற்கும், குளிரோ குறையும். காரணம், சூடாக வருகிற வாயு விரியும்போது அதில் திரவமாகிற பங்கு குறைவு. முள் மேலே நிற்பதைப் பார்த்து "பிரஷர் நல்லா இருக்கே" என்று குழம்புவார்கள். ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ 20 டிகிரி அறையில் எடுத்த அளவை மே மாதத்துச் சென்னைக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

வாயுவில் ஈரம் இருந்தால் அந்த மயிரிழைத் துளையிலேயே அது உறைந்து அடைத்துக்கொள்ளும். கழுவி ஸ்டெரிலைஸ் செய்த புரோப்பின் இணைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அதே கதை. மருத்துவத் தரமான வாயு, நன்றாக உலர்ந்த புரோப், அவ்வளவுதான்.

வெதுவெதுப்பான நீரில் ஐஸ் உருண்டை

இனி அளப்பது. நுனியைச் சுற்றி உறையும் ஐஸ் உருண்டை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் வழி. ஒரு கண்ணாடி பீக்கரில் ஜெலட்டின் கரைத்த நீரை ஊற்றி, 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைக்கிறோம். வெறும் தண்ணீரே போதாதா என்றால், வெறும் தண்ணீர் ஓடும்: நுனியைச் சுற்றிக் குளிர்ந்த நீர் கீழிறங்க, வெந்நீர் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும், உருண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். 37 டிகிரியில் ஜெலட்டின் கெட்டியாக நிற்காது என்றாலும் அடர்த்தியாகக் கரைத்தால் இந்த ஓட்டம் மந்தமாகும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் இளகாமல் நிற்கும், கிடைத்தால் அதுவே மேல். எதை எடுத்தாலும் எல்லாப் புரோப்புக்கும் அதையே, அதே பக்குவத்தில் எடுக்க வேண்டும்.

நுனியை உள்ளே செருகிப் பெடலை மிதிக்கிறோம். ஓரிரு நொடி ஒன்றும் தெரியாது. பிறகு நுனியைச் சுற்றி வெண்மையாக ஒரு திரை. அது கண்ணாடி மணி போலத் திரண்டு, முதல் பத்து நொடியில் விறுவிறுவென்று வளரும். அப்புறம் வேகம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். சுற்றிலுமிருந்து உள்ளே வருகிற வெப்பமும் புரோப் வெளியே இழுக்கிற வெப்பமும் சமமாகிவிட்ட நிலை அது. பின்னால் ஒட்டிய மில்லிமீட்டர் தாளை வைத்துக் குறித்த நொடிகளில் விட்டத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். 10, 30, 60 நொடி என்று மூன்று படம் போதும். கடைசி விட்டத்தை மட்டும் பார்த்தால், வேகமாக வளர்ந்து நின்றதையும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனதையும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடுவோம். விழித்திரை வேலையில் ஒரு இடத்துக்குச் சில நொடிகளே தேவைப்படுவதால் அங்கே பத்தாவது நொடிப் படம் முக்கியம். குளுகோமாவுக்கு ஒரு இடத்தில் ஒரு நிமிடம் வைப்பார்கள், அங்கே கடைசிப் படம்.

விட்டத்தை வாசிக்கும்போது ஒரு ஏமாற்று இருக்கிறது. 8 மில்லிமீட்டருக்கும் 9 மில்லிமீட்டருக்கும் ஸ்கேலில் பெரிய வேறுபாடு தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 37 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரை 0 டிகிரிக்கு இறக்கி உறைய வைக்க சுமார் 489 ஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். நுனியின் பருமனைக் கழிக்காமல் முழு உருண்டையாக எடுத்துக்கொண்டால், 8 மி.மீ. உருண்டைக்கு 131 ஜூல், 9 மி.மீ. உருண்டைக்கு 187 ஜூல். ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் உழைப்பு! 5 மி.மீ. உருண்டைக்கு 32 ஜூல் போதும், விட்டம் இரட்டிப்பாகி 10 மி.மீ. ஆனால் 256. ஆகவே விட்டத்தை விட்டத்தோடு ஒப்பிடுவதைவிட, இப்படி வெப்பமாக மாற்றி ஒப்பிடுவது நியாயம்.

அதே நேரம், உருண்டை பெரிதாக இருந்தாலே செல்கள் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை. உருண்டையின் வெளி விளிம்பு 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். உள்ளே போகப் போகத்தான் குளிர். இமை முடி வேரை அழிக்க மைனஸ் 20-க்குக் கீழே போக வேண்டும். தோலுக்கு நிறம் தரும் செல்களோ மைனஸ் 10 போலவே அழிந்துவிடும், அதனால்தான் நம் மாநிறத்தில் கிரையோ செய்த இமை ஓரம் வெளுத்துத் தெரிகிறது. இங்கேதான் நுனியின் வெப்பநிலைக்கு உண்மையான வேலை வருகிறது. 2.5 மி.மீ. நுனி, 8 மி.மீ. உருண்டை என்று வைத்து, காகிதத்தில் எளிமையாகக் கணக்கிட்டால், நுனி மைனஸ் 40-இல் நிற்கும்போது மைனஸ் 20 எல்லையின் விட்டம் 3.8 மி.மீ. நுனி மைனஸ் 60 என்றால் 4.6. மைனஸ் 80 என்றால் 5.2. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே அளவு உருண்டைதான்!

எனவே இரண்டு எண்களும் சேர்ந்தே வேண்டும்: உருண்டையின் வளர்ச்சி, உருண்டைக்குள் இருக்கும்போது நுனியின் வெப்பநிலை. இரண்டாவதை அளக்க, வெப்பநிலையை உணரும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை நுனியின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும். மெஷினின் டிஸ்பிளே காட்டும் எண்ணை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் சென்சார் இருப்பது நுனிக்குள், வாயு மோதும் இடத்துக்குப் பக்கத்தில். உள்ளே எப்போதும் வெளியைவிடக் குளிர்தான். இரண்டு மெஷின்களின் டிஸ்பிளேயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, என்னைக் கேட்டால், நேர விரயம்.

நுனியின் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டும். விழித்திரைக்கு வழக்கமான 2.5 மி.மீ. நுனியைக் குளுகோமாவுக்கான பெரிய நுனியோடு போட்டிக்கு விட்டால் பெரியதுதான் ஜெயிக்கும், அதில் அதிசயம் இல்லை.

உருகுவதும் பரீட்சைதான்

உறைய வைப்பதை மட்டும் அளந்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் அதிகம். பெடலை விட்ட பிறகு நுனி திசுவிலிருந்து கழன்றுவர எத்தனை நொடி? உறைந்து ஒட்டியிருக்கும்போது அறுவை செய்பவர் புரோப்பை அசைத்தால், ஒட்டிய திசுவையும் சேர்த்து இழுக்கும்; விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் நிறைந்த படலம் இருக்கிறது, அது கிழிந்தால் உள்ளே ரத்தம் கசியும். நல்ல மெஷினில் பெடலை விட்டதும் வெளியேறும் வழி மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி, வாயு குளிர்ந்த நுனியின் மேலேயே திரவமாகப் படிந்து, அப்போது விடும் வெப்பத்தால் நுனியைச் சூடாக்கும். அந்த வால்வு தேய்ந்திருந்தால் நுனி தானாக உருகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். உறைவதில் இரண்டு நொடி தாமதித்தாலும் பொறுத்துக்கொள்வேன். கழன்றுவருவதில் தாமதிக்கிற மெஷினை நான் பாஸ் போடுவதில்லை.

பீக்கரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐஸ் நுனியில் மட்டும்தானா, தண்டிலும் ஏறுகிறதா? தண்டின் காப்பு பழுதாகிவிட்டால் பக்கவாட்டிலும் உறையும். கண்ணின் பின்பக்கத்தில் புரோப்பை வைத்திருக்கும்போது தண்டு இமையையும் கண்சவ்வையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அங்கே உறைந்தால் யாருக்கும் உடனே தெரியாது.

பீக்கர் கண் ஆகாது

பீக்கரில் ரத்த ஓட்டம் இல்லை. கண்ணிலோ விழித்திரைக்கு அடியிலுள்ள படலம், உடலிலேயே எடைக்கு எடை மிக அதிக ரத்தம் பாயும் இடங்களில் ஒன்று. சூடான ரத்தம் ஓயாமல் வந்து உருண்டையை உருக்கிக்கொண்டிருக்கும். அறுவை செய்பவர் புரோப்பால் சுவரை உள்ளே அழுத்தும்போது அந்த ஓட்டம் அங்கே குறைந்து, உறைவது வேகமாகும். கண்ணுக்குள் திரவத்துக்குப் பதில் காற்று நிரப்பியிருந்தாலும் வேகம்தான், ஏனென்றால் காற்று வெப்பம் கொண்டுவருவதில்லை. அதனால்தான் விழித்திரையில் எத்தனை நொடி என்று யாரும் கடிகாரத்தைப் பார்த்துச் செய்வதில்லை. தலையில் மாட்டிய கருவி வழியாகப் பார்த்துக்கொண்டே, விழித்திரை வெளுக்கத் தொடங்கியதும் நிறுத்துகிறார்கள். பீக்கர் சோதனை சொல்வது மெஷினைப் பற்றி மட்டும்: போன மாதம் இருந்த மாதிரி இருக்கிறதா, பக்கத்து மெஷினைவிட எவ்வளவு மேல், எவ்வளவு கீழ்.

கம்பெனிக்காரர் டெமோவுக்கு வந்தால், அவர் காற்றில் பிடித்துக் காட்டும் எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உங்கள் சிலிண்டரை மாட்டச் சொல்லுங்கள். நுனி அகருக்குள் இருக்கட்டும். அரை வட்டம் சுற்றிக் குளுகோமாவுக்கு ஆறு ஏழு இடங்களில் செய்வது போல, இடையில் உருக விட்டு, ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகத் தொடர்ந்து ஆறு தடவை ஓட்டச் சொல்லுங்கள். முதல் உருண்டையையும் ஆறாவது உருண்டையையும் ஒரே தாளில் ஒட்டி வையுங்கள். முடிந்தால் டெமோவை டிசம்பரில் வைக்காமல் மே மாதத்தில் வையுங்கள்.